செந்தொப்பிக் காவலரும் வெண்கல்லும்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்த் தேவாலயங்கள் பலவற்றின் வாயிலில் ஒரு சிறு பச்சைப் பலகையைக் காணலாம். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் உள்ளே உள்ளன என்பதை அஃது அறிவிக்கும். பாசி படர்ந்து, எழுத்து மங்கி, பக்கம் சாய்ந்து கிடக்கும் பழங்கற்களுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ வெண்கற்கள் மட்டும் நிமிர்ந்து நிற்கும். அவற்றுள் சிலவற்றின் தலைப்பில் இராணுவப் போலீஸ் படையின் சின்னம் பொறித்திருக்கும். கீழே ஓர் எண், ஒரு பெயர், 'லான்ஸ் கார்ப்பரல்' என்னும் பதவி, 1940 அல்லது 1941 என ஓர் ஆண்டு. அவ்வாண்டுகளில் அந்நாட்டின் மீது விமானங்கள் குண்டு பொழிந்தது உண்மை. எனினும் அந்நாட்டு மண்ணில் பகைவர் படை கால் வைக்கவில்லை; களம் ஒன்றும் அமையவில்லை. அங்ஙனமிருக்க, உள்நாட்டில் பணியாற்றி, குண்டும் படாமல், விபத்து ஒன்றில் உயிர் நீத்த காவலர் போரில் மாண்டவர் ஆவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், ஒரு படைப்பிரிவின் வரலாறும், ஓர் இருண்ட நாட்டின் சாலைகளும், கைம்பெண்கள் பலர் நடத்திய வழக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

படைக்குள் ஒழுங்கு காக்கும் அதிகாரி என்னும் பதவி இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. ஆயின் நிலையான படைப்பிரிவாக இராணுவப் போலீஸ் அமைந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். குதிரைக் காவலர் 1877-இலும், காலாட் காவலர் 1885-இலும் தனித்தனிப் பிரிவுகளாயினர். 1926-இல் இவ்விரண்டையும் இணைத்து இராணுவப் போலீஸ் படை என ஒரே பெயரிட்டனர். தொப்பியின் மேல் சிவப்புத் துணி உறை அணிந்தமையால் 'செந்தொப்பியர்' என்பதே மக்கள் வாயில் வழங்கிய பெயர்.

1939-இல் போர் மூண்டபோது இப்படையில் இருந்தோர் ஏறத்தாழ 4,000 பேர். 1945-இல் அத்தொகை 50,000-ஐத் தாண்டிவிட்டது. ஆறாண்டுகளில் பன்னிரு மடங்காயிற்று என்றால், வந்து சேர்ந்தோரில் மிகப் பலர் நேற்றுவரை வேறு தொழில் செய்தவர் என்பது வெளிப்படை. சாலைகளில் மோட்டார் வண்டியோட்டிகளுக்கு உதவிவந்த வாகனச் சங்கத்துப் பணியாளர்கள் பலரைப் போருக்கு முன்னரே சேமப் படையினராகப் பதிந்து வைத்திருந்தனர். அவர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள், வழி அறிந்தவர்கள், நாற்சந்தியில் நின்று வண்டிகளை நெறிப்படுத்திப் பழகியவர்கள். இராணுவப் போலீசுக்கு வேண்டிய ஆட்கள் இவர்களே. 1940-இல், படைச் சரக்குகள் களவு போவதைத் துப்பறிய, ஸ்காட்லாந்து யார்டுத் துப்பறிவாளர்கள் 19 பேரைக் கொண்டு ஒரு தனிப் புலனாய்வுப் பிரிவும் தோன்றியது.

இப்படையில் சாதாரணச் சிப்பாய் என்று ஒருவரும் இலர் என்பது பலர் அறியாத செய்தி. பயிற்சி முடித்து வெளிவரும் கடைநிலைக் காவலரும் லான்ஸ் கார்ப்பரல் பதவியுடனேயே வருவார். காரணம் எளிது. ஒரு சிப்பாயைத் தடுத்து நிறுத்தி, "சீட்டைக் காட்டு" என்று கேட்பவர் அவனைவிட ஒரு படியேனும் உயர்ந்திருக்க வேண்டும்; இன்றேல் அவன் நின்று விடை சொல்வானா? ஆகவே கல்லறைக் கல்லில் காணும் பதவியைக் கொண்டு இவர் நெடுங்காலம் பணியாற்றியவர் என்றோ, பதவி உயர்வு பெற்றவர் என்றோ முடிவு கட்டுதல் பொருந்தாது. படையில் சேர்ந்து ஆறு திங்கள் ஆன இளைஞராகவும் இருக்கலாம்.

உள்நாட்டில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலைக்குக் குறைவேயில்லை. இரயில் நிலையங்களில் நின்று விடுப்புச் சீட்டைச் சோதிப்பது, படையை விட்டு ஓடியவரைத் தேடிப் பிடிப்பது, கைதிகளைக் காவலுடன் கொண்டு செல்வது, மதுக்கடை வாயிலில் சண்டை விலக்குவது ஆகியவை நாள்தோறும் நிகழ்ந்தவை. துறைமுகம், பாலம், படைக் கிடங்கு போன்ற இடங்களைக் காக்க அமர்த்தியோர் நீலத் தொப்பி அணிந்தனர். இவையனைத்தினும் பெரிய பணி சாலைப் பணியே. நூற்றுக்கணக்கான லோரிகளும் பீரங்கி வண்டிகளும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும்போது, முன்னே சென்று வழி பார்த்து, சந்திதோறும் ஆள் நிறுத்தி, கடைசி வண்டி கடந்த பின் மீண்டும் முன்னே விரைந்து அடுத்த சந்தியைப் பிடிக்க வேண்டும். 1944-இல் பிரான்சு நாட்டுக் கரையில் இறங்குவதற்காகத் தென் இங்கிலாந்தில் படைகள் குவிந்தபோது இப்பணி உச்சத்தை எட்டியது. செந்தொப்பியரைச் சிப்பாய்கள் அஞ்சினர். பலர் வெறுத்தனர் என்பதும் உண்மைதான். வீட்டுக்குப் போகும் விடுப்பில் பொத்தான் போடவில்லை என்று நிறுத்தி வைப்பவரை யார் விரும்புவார்? ஆனால் இருட்டில் வழி தவறிய லோரிக்காரனுக்குச் சந்தியில் அசையும் வெள்ளைக் கையுறை தெய்வமாகத் தோன்றியிருக்கும்.

விளக்கணைந்த நாடு

அவ்விருட்டைப் பற்றித்தான் விரித்துச் சொல்ல வேண்டும். பகைவரின் விமானத்துக்கு ஊர் தெரியலாகாது என்று 1939 செப்டம்பர் 1 முதல் பிரிட்டன் முழுவதும் விளக்கணைப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்கு இல்லை. சன்னல்களுக்குக் கறுப்புத் திரை. வண்டி விளக்கிற்கு மூடி. மூடியின் கீற்று வழியாகக் கசியும் மங்கிய ஒளியே ஓட்டுநருக்குக் கிடைத்தது. சாலையோரக் கற்களிலும் மரங்களின் அடியிலும் வெள்ளைச் சுண்ணம் தீட்டினர். அதையே குறியாகக் கொண்டு வண்டியை ஓட்ட வேண்டும். 1940-இல், பகைவர் வந்து இறங்கினால் ஊர்ப்பெயர் கண்டு வழியறிந்துவிடுவர் என்று அஞ்சி, சாலைகளில் இருந்த வழிகாட்டிப் பலகைகளையும் பிடுங்கிவிட்டனர். பகைவர் வரவில்லை, வழி தவறியவர்கள் உள்நாட்டுப் படையினரே. பலகை செய்த வேலையை மனிதர் செய்ய வேண்டியதாயிற்று. அம்மனிதர்தாம் இராணுவப் போலீஸ் காவலர்.

விளைவு என்ன? 1938-இல் பிரிட்டனில் சாலை விபத்துகளில் இறந்தோர் 6,648 பேர். 1939-இல் 8,272, 1940-இல் 8,609, 1941-இல் 9,169. இதில் வியப்பு யாதெனில், பெட்ரோல் பங்கீட்டினால் சொந்த வண்டிகள் பல கொட்டகையில் முடங்கிக் கிடந்த காலம் அது. வண்டி குறைந்தது, சாவு பெருகிற்று. 1941-ஆம் ஆண்டின் தொகையே அந்நாட்டின் சாலை வரலாற்றில் இன்றுவரை மிகப் பெரியது. விளக்கணைந்த இரவுகளுக்காக, வீடுகள் நெருங்கிய பகுதிகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்று 1940 பிப்ரவரியில் விதி செய்தும் பார்த்தனர். பகைவரின் குண்டிலிருந்து காப்பதற்காகச் செய்த இருட்டே வேறொரு வகையில் உயிர் குடித்தது என்று சொன்னால் மிகையாகாது. இருட்டை ஒழித்திருந்தால் குண்டுக்கு எத்தனை பேர் இரையாகியிருப்பர் என்று எவரும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. ஆகலின் அரசினரை எளிதில் குறை கூறிவிடவும் இயலாது.

இவ்விருட்டில் நாற்சந்தியின் நடுவில் நிற்பவர் நிலையையும், மோட்டார் சைக்கிளில் வண்டி வரிசையைக் கடந்து முன்னும் பின்னும் ஓடுபவர் நிலையையும் எண்ணிப் பார்க்க. எதிரே வரும் லோரியின் விளக்குக் கீற்று எத்தனை முழ தூரத்தில் உள்ளது என்று கணிப்பது அரிது. மழையும் பனியும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. நார்டன், பி.எஸ்.ஏ., மேட்ச்லெஸ் முதலிய படை வண்டிகள் கனமானவை. அவற்றை ஓட்டியவர்களோ பலர் அவசரமாகப் பயின்றவர். சாலையில் மட்டுமன்று, கப்பல்துறையைக் காப்பவர் இருளில் கால் தவறி நீரில் விழுதல், இருப்புப்பாதையைக் கடக்கையில் வண்டி மோதுதல், துப்பாக்கியைத் துடைக்கையில் வெடித்தல், கடற்கரையில் தம்மவரே புதைத்த கண்ணி வெடித்தல் என்று உள்நாட்டுப் படையினரின் சாவுக்குப் பல வாயில்கள் இருந்தன.

மோட்டார் சைக்கிள் சாவுகளைப் பற்றி ஒரு மருத்துவர் ஆராய்ந்தார். அவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். அரேபிய லாரன்ஸ் எனப் புகழ் பெற்றவர் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து, நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் இறந்தபோது, அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் இவரும் ஒருவர். போர் வந்ததும் ஆக்ஸ்போர்டில் தலைக்காயத்துக்கென அமைந்த படை மருத்துவமனையை இவர் நடத்தினார். போரின் முதல் 21 திங்களில் பிரிட்டன் நாட்டுச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் பின்னே அமர்ந்தவருமாக 2,279 பேர் மாண்டனர் என்று 1941 அக்டோபரில் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டி, தலைக்கவசம் அணிந்திருந்தோர் அடிபட்டும் பிழைத்த சில நேர்வுகளையும் விளக்கினார். அடுத்த திங்களே, பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படையினர் அனைவரும் தலைக்கவசம் அணிதல் கட்டாயமாயிற்று. அதன் பின் சாவுகள் படிப்படியே குறைந்ததை அவர் 1946-இல் மீண்டும் காட்டினார். பொதுமக்களுக்கு அவ்விதி வரப் பின்னும் பல்லாண்டுகள் ஆயின. பிரிட்டனிலும் மலேசியாவிலும் 1973-இல்தான் வந்தது. இன்று நம் பள்ளி வாயிலில் பிள்ளையை இறக்கிவிட வரும் தந்தையின் தலையிலுள்ள கவசத்துக்கும் அக்காலத்துப் படையினரின் சாவுக்கும் தொடர்பு உண்டு.

விசாரணையும் உதவித் தொகையும்

விபத்தில் இறந்தவரின் சாவு களத்தில் இறந்தவரின் சாவைவிட விரிவாகப் பதிவாயிற்று என்பது முரணாகத் தோன்றும். ஆனால் அதுவே உண்மை. இங்கிலாந்துச் சட்டப்படி இயற்கைக்கு மாறான சாவு எதுவாயினும் மரண விசாரணை அதிகாரி விசாரித்தாக வேண்டும். போர்ச் செயலால் நேர்ந்த சாவுக்கு மட்டும் போர்க்கால விதிகள் விலக்கு அளித்தன. ஆகவே குண்டு விழுந்து இறந்தவருக்கு விசாரணை இல்லை. லோரி மோதி இறந்த காவலருக்கோ, ஓட்டுநர் சாட்சி, உடன் நின்றவர் சாட்சி, மருத்துவர் சாட்சி எல்லாம் உண்டு. முடிவில் 'விபத்து மரணம்' என்று தீர்ப்பு. உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு சிறு பத்தி வரும். படையும் தன் பங்கிற்குத் தனி விசாரணை நடத்தும்.

வீட்டுக்கோ அச்சிட்ட படிவம் ஒன்று வரும். களத்தில் கொல்லப்பட்டார், காயத்தால் இறந்தார், இறந்தார் என்று படைக் குறிப்பேடுகளில் வகைகள் உண்டு. விபத்திலும் நோயிலும் மாண்டவர் பெரும்பாலும் 'இறந்தார்' என்னும் ஒரு சொல்லில் அடங்கினர். அண்டை வீட்டாரின் மகன் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வீழ்ந்தான் என்று ஊர் பேசும். தன் மகன் பக்கத்து மாவட்டத்தில் சுவரில் மோதி இறந்தான் என்று தாய் எப்படிச் சொல்வாள்?

பேச்சு மட்டுமாயின் பொறுக்கலாம். வயிற்றுப்பாடும் அந்தச் சொல்லைப் பற்றி நின்றது. சாவுக்குப் போர்ப்பணியே காரணம் என்றால்தான் மனைவிக்கு உதவித் தொகை. பணி முடிந்து முகாமுக்குத் திரும்பும் வழியில் நேர்ந்தால்? விடுப்பில் இருக்கையில் நேர்ந்தால்? போரின் முற்பகுதியில் காரணத்தை மெய்ப்பிக்கும் சுமை கேட்பவர் தலையிலேயே இருந்தது. படைக் குறிப்பேடுகளோ அரசிடம். ஏழைக் கைம்பெண் எதைக் கொண்டு மெய்ப்பிப்பாள்? பாராளுமன்றத்தில் எழுந்த கண்டனத்தின் பயனாக 1943-இல் இந்நிலை மாறியது. சுமை அரசின் பக்கம் சென்றது. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் கேட்பவருக்கே என்றாயிற்று. அதே ஆண்டில் மேல்முறையீட்டு மன்றங்களுக்கான சட்டமும் வந்தது. அம்மன்றங்களின் மேல் வந்த வழக்குகளைக் கேட்ட நீதிபதி டென்னிங் பிரபு எனப் பின்னாளில் புகழ் பெற்றவரே. 'ஐயத்துக்கு அப்பாற்பட்ட' சான்று எது, 'பெரும்பாலும் உண்மையாகக் கூடிய' சான்று எது என்று 1947-இல் அவர் பிரித்துக் காட்டிய தீர்ப்பை மலேசியா, சிங்கப்பூர்ச் சட்ட மாணவர்கள் படிக்கின்றனர். அஃது ஒரு படைவீரனின் மனைவி உதவித் தொகை கேட்டுத் தொடுத்த வழக்கு என்பதை அவர்களுள் எத்தனை பேர் நினைவில் வைப்பரோ!

கல்லுக்கு உரியவர் யார்?

போர்க் கல்லறைகளைக் காக்கும் ஆணையம் 1917 மே 21-இல் அரச பட்டயத்தால் அமைந்தது. 1960 முதல் அதற்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர். அதன் விதி தெளிவானது. முதற் போருக்கு 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரை; இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இக்காலத்தில் படைப்பணியில் இருந்து இறந்தவர் எவரும், எக்காரணத்தால் இறந்தாலும், போரில் மாண்டவரே. குண்டா, காய்ச்சலா, மோட்டார் சைக்கிளா என்று ஆணையம் கேட்பதில்லை. தளபதிக்கும் லான்ஸ் கார்ப்பரலுக்கும் ஒரே அளவுக் கல்: உயரம் 2 அடி 8 அங்குலம், அகலம் 1 அடி 3 அங்குலம். எண், பதவி, பெயர், படை, இறந்த நாள், அகவை ஆகியவை கல்லில் வரும். விரும்பினால் குடும்பத்தார் தரும் ஒரு வரியும் வரும். சாவின் காரணம் வராது.

இவ்விதி நம் பழந்தமிழர் வழக்கிற்கு முரணா, இணக்கமா என்று தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம். நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிநிலைகளாக வகுத்துக் கூறுகிறது. அக்கல் போரில் வீழ்ந்த மறவனுக்கே உரியது. விழுப்புண் இல்லாச் சாவை இழிவென எண்ணினர். குழவி இறந்தே பிறந்தாலும் வாளால் கீறிப் புதைக்கும் வழக்கம் அரசர் குடியில் இருந்ததைப் புறநானூற்றின் 74-ஆம் பாட்டால் அறிகிறோம். களம் காணாச் சாவுக்கும் களத்தின் அடையாளத்தை வலிந்து இட்டனர் என்க. ஆணையமோ அடையாளத்தையே நீக்கிவிட்டது. எல்லார் கல்லும் காரணம் சொல்லாக் கல்லாயின், எவர் கல்லும் தாழ்ந்ததன்று. இரு வழியாலும் ஒரே முடிவை அடைய முயன்றனர் என்று கொள்ளலாம். மேலும், நம் நடுகல் மரபும் நாளடைவில் விரிந்ததே. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, வீரனோடு கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் உருவம் பொறித்துப் போற்றுகிறது. காவல் தொழிலுக்கும் கல் உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

கடல் கடந்து இறந்தவரின் உடலை நாட்டுக்குக் கொண்டுவர அக்காலத்தில் இடமில்லை. உள்நாட்டில் இறந்தவரை மட்டும் குடும்பத்தார் தம் ஊருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்ய முடிந்தது. இதனால்தான் பிரிட்டனில் போர்க் கல்லறைகள் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்வுட்டில் பெரிய படை இடுகாடு உண்டு. ஆயினும் செந்தொப்பியர் பலர் தாய் தந்தையரின் குழிக்கு அருகிலேயே துயில்கின்றனர். சில குடும்பங்கள் ஆணையத்தின் கல்லை வேண்டாமென்று தம் சொந்தக் கல்லிலேயே பெயரைச் சேர்த்துக்கொண்டன. களத்தில் மகனை இழந்தோர்க்குக் கிட்டாத ஒன்று இவர்களுக்குக் கிட்டியது. ஞாயிறுதோறும் பூ வைக்க ஓர் இடம்.

நம் நாடுகளிலும் இவ்வாணையத்தின் இடங்கள் உள்ளன. தைப்பிங் போர் இடுகாட்டில் 850-க்கும் மேற்பட்டோர் நினைவு பெறுகின்றனர். அவர்களுள் 500-க்கும் மேற்பட்டோர் பெயர் அறியப்படாதவர். சிங்கப்பூர் கிராஞ்சியின் நினைவுச் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இந்தியப் படையினர் பெயர்களும் அவற்றுள் அடங்கும். ஆயின் ஆணையத்தின் சமநீதி எங்கும் எப்போதும் ஒரே வகையாக நடக்கவில்லை. முதற் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவு பெற்றனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவு பெறவே இல்லை என்றும் ஆணையம் அமைத்த குழுவே 2021-இல் அறிவித்தது. சயாம் இரயில் பாதையில் மாண்ட நம் தோட்டத் தொழிலாளரோ படையினர் அல்லர். ஆதலால் விதிக்குள் வரவேயில்லை. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக நிற்கும் கற்களில் அவர்கள் பெயர் இல்லாமைக்குக் காரணம் அதுவே. இங்கிலாந்துக் காவலருக்குக் கல் கிடைத்தது மிகை என்று இதனால் ஆகாது. விதியின் எல்லை எங்கே முடிகிறது என்பதைத்தான் இது காட்டுகிறது.

இராணுவப் போலீஸ் கல்லறைகளைக் காண்போர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. போரில் ஆற்றிய பணிக்காக 1946 நவம்பர் 28-இல் இப்படைக்கு 'ராயல்' என்னும் அரச அடைமொழியை மன்னர் ஆறாம் ஜார்ஜ் வழங்கினார். அதன்பின் பணியில் சேர்ந்தோரும், தப்பிப் பிழைத்து நீடித்தோரும் அச்சொல்லைத் தோளிலும் தொப்பியிலும் தாங்கினர். கல்லறைக் கல்லிலோ இறந்த நாளன்று படைக்கு இருந்த பெயரே பொறிக்கப்படும். ஆகவே 1941-இல் இருட்டில் மாண்ட காவலரின் கல்லில் வாகை மாலைக்குள் மன்னரின் பெயரெழுத்துகள் இருக்கும். அடியில் 'இராணுவப் போலீஸ்' என்று மட்டும் இருக்கும். 'ராயல்' என்ற சொல் இராது.